அலையிடம் எடுப்பது

கடல் அலையின் அசைவை எண்ணெயின் அழுத்தமாகவும், அந்த அழுத்தத்தை மின்சாரமாகவும் மாற்றும் ஹைட்ராலிக் எந்திரங்கள் ஒரு பழைய அறக்கேள்வியைக் கடலுக்குள் கொண்டுசெல்கின்றன. இயற்கையிடமிருந்து மனிதர் ஒன்றை எடுக்கும்போது அது பெறுதலா, பறித்தலா? காட்டையும் ஆற்றையும் சுரங்கத்தையும் வைத்து இக்கேள்வி நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகிறது. மரத்தை வெட்டினால் அடிக்கட்டை நிற்கிறது. நிலக்கரியைத் தோண்டினால் குழி கிடக்கிறது. அலையை எடுத்தாலோ அடுத்த அலை வந்துவிடுகிறது. அதனாலேயே அலை மின்சாரம் யாருக்கும் எதற்கும் குறைவு செய்யாத ஒன்று என்று எண்ணிவிடத் தோன்றுகிறது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க, அலை என்பது என்ன, எந்திரம் அதிலிருந்து எதை எடுக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆழ்கடலில் அலை கரையை நோக்கி ஓடும்போது நீர் அதோடு ஓடுவதில்லை. ஒவ்வொரு துளியும் வட்டமாகச் சுழன்று, கிட்டத்தட்டப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. ஆழம் கூடக் கூட அந்த வட்டம் சிறுத்துக்கொண்டே போகும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குப் போனால் மேற்பரப்பு அசைவில் நூற்றில் நான்கு பங்குதான் மிஞ்சும். பயணம் செய்வது வடிவமும், எங்கோ தொலைவில் வீசிய காற்று அதில் ஏற்றிவிட்ட ஆற்றலும். ஒன்றரை மீட்டர் உயரமும் 8 நொடிக் கால இடைவெளியும் கொண்ட அலைகள், முகப்பின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 9 கிலோவாட் ஆற்றலைச் சுமந்து வருகின்றன. உயரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். இந்தியக் கரைகளில் ஆண்டுச் சராசரி பெரும்பாலும் மீட்டருக்கு 5 முதல் 15 கிலோவாட் அளவில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோடு ஒப்பிட்டால் இது மிகவும் சாந்தமான கடல்.

கடலும் அலையும் வேதாந்தத்தில் வெகுகாலமாகப் புழங்கும் உவமை. பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் சங்கரர், நுரையும் அலையும் குமிழியும் தம்முள் வேறுபட்டுத் தோன்றினாலும் நீரிலிருந்து வேறுபட்டவை அல்ல என்று காட்டுகிறார். அலைக்கெனத் தனிப்பொருள் இல்லை என்பதில் இயற்பியலுக்கும் மறுப்பில்லை. இரண்டும் பிரியும் இடம் அதற்கு அடுத்தது. வேதாந்த உவமையில் அலை அடங்கினால் இழப்பு ஏதும் நேர்வதில்லை. கடல் கடலாகவே இருக்கிறது. கரையில் நிற்பவருக்கு அப்படியில்லை. அலை அடங்கினால் அது செய்துகொண்டிருந்த வேலையும் அடங்குகிறது. மணலைக் கொண்டுவந்து சேர்ப்பதும், அள்ளிப் போவதும், கரையோரமாக நகர்த்துவதும் அந்த வேலையே. பொருளாக இல்லாத ஒன்றை எடுத்தாலும் விளைவு பொருளாகவே வந்து நிற்கிறது. அலை மின்சாரம் பற்றிய அறச்சிந்தனை இந்த உண்மையை விட்டு விலகக் கூடாது.

இனி எந்திரம். அலையின் அசைவு மெதுவானது, விசையோ மிகப் பெரியது. மிதவை ஒன்று நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஏறி இறங்கும்; மின்னாக்கி நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்ற விரும்பும். இந்த இரண்டுக்கும் இடையே பாலமாவதற்கு ஹைட்ராலிக் அமைப்பைப் போலப் பொருத்தமானது குறைவு. மெதுவாக வரும் பெரும் விசையைத் தாங்குவதே அதன் இயல்பு. மிதவையோடு பிணைத்த பிஸ்டன் சிலிண்டருக்குள் போய்வரும்போது எண்ணெயைத் தள்ளுகிறது. மேலே போனாலும் கீழே வந்தாலும் எண்ணெய் ஒரே திசையில் செல்லும்படி நான்கு ஒருவழி வால்வுகள் பார்த்துக்கொள்கின்றன. நூறு, இருநூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு ஏறிய அந்த எண்ணெய் அக்யூமுலேட்டர் எனப்படும் கலனுக்குள் புகுந்து, அங்கே அடைத்துவைத்த நைட்ரஜன் வாயுவை நெருக்குகிறது. வாயு மெல்ல விரிந்து எண்ணெயைச் சீராக வெளியே தள்ள, அது ஹைட்ராலிக் மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் மின்னாக்கியைச் சுழற்றுகிறது. வேலை முடித்த எண்ணெய் குறைந்த அழுத்தத் தொட்டிக்குத் திரும்பி, மீண்டும் சிலிண்டரை நிரப்புகிறது. அக்யூமுலேட்டர் இல்லாவிட்டால் ஒவ்வோர் அலையிலும் இரண்டு முறை மின்சாரம் பூச்சியத்தைத் தொட்டு மீளும்.

இந்த வழியில் மிகத் தொலைவு சென்றது ஸ்காட்லாந்தின் பெலாமிஸ். நீண்ட உருளைகளை மூட்டுகளால் கோத்த அந்த எந்திரம் அலைமேல் வளைந்து நெளியும்போது மூட்டுகளில் இருந்த ஹைட்ராலிக் சிலிண்டர்கள் எண்ணெயை அழுத்தின. 2004இல் ஆர்க்னித் தீவுகளில் அது மின்கட்டமைப்போடு இணைந்தது. 2008இல் போர்ச்சுகல் கடலில் மூன்று எந்திரங்கள் சேர்ந்து 2.25 மெகாவாட் திறனோடு தொடங்கின; தொழில்நுட்பச் சிக்கலும் பணச் சிக்கலும் சேர்ந்து சில மாதங்களிலேயே அவை கரைக்கு இழுத்துவரப்பட்டன. அதை உருவாக்கிய நிறுவனம் 2014இல் மூடப்பட்டது.

எந்திரத்தின் உறுப்புகளைவிட மெய்யியலுக்கு நெருக்கமானது, 1970களின் நடுவில் நார்வேயின் புடாலும் ஃபால்னெஸும், பிரிட்டனின் எவன்ஸும் கண்ட ஒரு விதி. அலையை உறிஞ்ச வேண்டிய மிதவை தானும் அலை எழுப்பியாக வேண்டும். அமைதியான நீரில் அசைத்தால் வளையம் வளையமாக அலை பரப்பும் மிதவைதான் வருகிற அலையிலிருந்து ஆற்றலை எடுக்க வல்லது. அது எழுப்பும் அலை, வந்து கடந்து போகும் அலையோடு எதிர்க்கட்டத்தில் சேர்ந்து அதைக் குறைக்கிறது. குறைந்த அளவே எந்திரத்துக்குக் கிடைத்த அளவு. ஏறி இறங்கும் சிறு மிதவை ஒன்று அதிகபட்சமாக எடுக்கக்கூடியது, அலைநீளத்தை 2π ஆல் வகுத்தால் வரும் அகலத்து அலைமுகப்பில் உள்ள ஆற்றலை. 8 நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர். அப்படியானால் சில மீட்டர் அகலமே உள்ள மிதவை, கணக்களவில், 16 மீட்டர் அகலத்திலிருந்து ஆற்றலை இழுக்கலாம்.

இந்த விதியைக் கேட்டதும் சமய மரபுகளின் நினைவு வருவது இயல்பு. தேவர்கள் தந்ததைத் திரும்பக் கொடுக்காமல் துய்ப்பவனைக் கள்வன் என்கிறது கீதையின் மூன்றாம் அத்தியாயம். மேகம் கடலிடமிருந்து முகந்ததைத் திருப்பித் தராவிட்டால் பெருங்கடலும் தன் இயல்பில் குன்றிவிடும் என்பது திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரம் சொல்லும் கருத்து. கொடுத்தால்தான் எடுக்க முடியும் என்று பௌதிகமும் சொல்வதுபோல் இருக்கிறது. ஆனால் இந்த ஒற்றுமையில் மயங்கக் கூடாது. மிதவை எழுப்பும் அலை கடலுக்குச் செலுத்தும் காணிக்கை ஆகாது. கூடுதலாக எடுப்பதற்கான வழியே அது. விதியிலிருந்து நேர்மையாகக் கற்கக் கூடியது வேறொன்று: கடலின் அசைவோடு தன் அசைவைப் பொருத்திக்கொள்ளாத எந்திரத்துக்குக் கடலிடம் எதுவும் கிடைக்காது. ஊஞ்சலைத் தள்ளும் கை அதன் காலத்துக்குக் காத்திருப்பதுபோல, எந்திரம் அலையின் காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். சிறு மிதவைகளின் இயல்பான துடிப்பு அலையைவிட வேகமானது என்பதால், புடால் ஒரு வழி சொன்னார்: ஏற்றத்தின் உச்சியிலும் இறக்கத்தின் அடியிலும் மிதவையைச் சற்றுப் பிடித்து நிறுத்தி, சரியான நொடியில் விடுவது. ஹைட்ராலிக் அமைப்பில் வால்வை மூடித் திறந்தாலே அது கைகூடும். புயலில் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. அப்போது வரும் ஆற்றலில் மிகச் சிறு பங்கை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றதை விட்டுவிடத் தெரியாத எந்திரம் உடைந்துபோகும். தணிப்பு வால்வு அதற்காகவே இருக்கிறது.

மார்ட்டின் ஹைடெக்கர் 1953இல் மியூனிக்கில் ஆற்றிய தொழில்நுட்பம் பற்றிய உரையில், பழைய காற்றாலையையும் ரைன் நதியின் நீர்மின் நிலையத்தையும் எதிரெதிரே நிறுத்தினார். காற்றாலை காற்று வீசும்போது சுற்றும், வீசாதபோது நிற்கும். காற்றின் ஆற்றலைப் பிரித்தெடுத்துச் சேமித்து வைப்பதில்லை. மின் நிலையமோ நதியையே ஆணைக்குக் காத்திருக்கும் இருப்பாக மாற்றிவிடுகிறது. அவர் கணக்கில் சேமித்தல் என்பதே கோடு. அந்தக் கோட்டில் அலை எந்திரத்தை எங்கே வைப்பது? மிதவை வரை அது காற்றாலையின் பக்கம்: அலை வந்தால் அசையும், ஓய்ந்தால் ஓயும். அக்யூமுலேட்டரில் அது கோட்டைத் தாண்டுகிறது. ஒழுங்கற்று வரும் அலையை, ஒரே சீராக நொடிக்கு 50 சுழற்சி மின்சாரம் கேட்கும் கட்டமைப்புக்கு ஏற்ற சரக்காக மாற்றுவது அந்தச் சிறு கலன்தான். அதே சமயம் அது தேக்கிவைப்பது பெரும்பாலும் சில அலைகளின் இடைவெளிக்கு மட்டும். அணை பருவ மழையையே பிடித்துவைக்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதி எப்போது வற்ற வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. எண்ணெய்க் கலனுக்கு அந்த அதிகாரம் இல்லை. ஹைடெக்கரின் பிரிவினை சேமிப்பு உண்டா இல்லையா என்று கேட்கிறது. எவ்வளவு என்று கேட்பதில்லை. அலை மின்சாரத்தில் அந்த இரண்டாம் கேள்விதான் முக்கியம்.

அந்தக் கேள்வி கடற்கரையில் மட்டும் எழுவதன்று. மின்சாரத்தைக் கேட்பவர் பெரும்பாலும் உள்நாட்டில் இருக்கிறார். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், எந்தக் கடற்கரைக்கும் 250 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நகரம். அதன் விளக்கு தொடக்கத்திலேயே தொலைவில் ஓடும் நீரிலிருந்து வந்தது. காவிரியின் சிவனசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902இல் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1905 ஆகஸ்டில் பெங்களூருத் தெருவிளக்குகள் அதனால் எரிந்தன. விளக்கின் கீழே இருப்பவர் அருவியைப் பார்த்திருக்க வேண்டியதில்லை என்ற நிலை அன்றே தொடங்கிவிட்டது. அறத்தின் நோக்கில் இந்தத் தொலைவு சிறிய விஷயமன்று. எடுக்கும் இடமும் துய்க்கும் இடமும் விலக விலக, எடுத்ததன் விளைவு துய்ப்பவருக்குத் தெரியாமல் போகிறது.

அதே பெங்களூருவில், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த விவேக் நகரில் 1971இல் தொடங்கிய குழந்தை இயேசு திருத்தலம் இங்கே ஒரு காரணத்துக்காக நினைக்கத் தக்கது. வியாழக்கிழமை நவநாளுக்குத் தமிழும் கன்னடமும் மலையாளமும் பேசுவோர் சமய வேறுபாடின்றித் திரளும் தலம் அது. பிராகா நகரத்துச் சுரூபத்தின் மரபில், குழந்தையின் ஒரு கை ஆசி வழங்க, மறு கை சிலுவை சூடிய உலக உருண்டையை ஏந்தியிருக்கும். உலகின்மேல் ஆளுகை என்பதற்குக் கிறித்துவ மரபு தந்த உருவங்களில் இது ஒன்று. உருண்டை இருப்பது பிடிக்குள் அன்று, உள்ளங்கையின் மேல். தொடக்க நூலின் முதல் அதிகாரம் மனிதர் பூமியைக் கீழ்ப்படுத்தவும் கடல் மீன்களை ஆளவும் சொல்கிறது. இரண்டாம் அதிகாரம் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கச் சொல்கிறது. முதல் வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டதே இன்றைய சூழல் நெருக்கடியின் வேர் என்று வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 1967இல் குற்றம் சாட்டினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடல் இதற்கு விடைபோல, இரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்கிறது. முன்பு மனிதர் பொருள்கள் இடங்கொடுத்த வழியில் சென்று பெற்றார்கள். இப்போது இயன்றதையெல்லாம் பிழிந்தெடுக்கக் கை நீட்டுகிறார்கள் என்பது அதன் முறையீடு.

அந்தச் சுற்றுமடல் பல இடங்களில் மேற்கோள் காட்டும் ரொமானோ குவார்தினி, 1920களில் கோமோ ஏரிக்கரையிலிருந்து எழுதிய கடிதங்களில் பாய்மரப் படகை எடுத்துக்காட்டாகக் கொண்டார். காற்றுக்கும் அலைக்கும் நடுவே மனிதன் தன் உடலாலும் அறிவாலும் இணங்கி இயங்குவது படகு. எஞ்சின் பூட்டிய கப்பலில் அந்த இணக்கம் அறுந்துவிடுகிறது என்று அவர் வருந்தினார். அலையின் கட்டத்துக்குக் காத்திருந்து வால்வைத் திறக்கும் எந்திரத்தை அவர் கண்டிருந்தால் எந்தப் பக்கம் சேர்த்திருப்பார் என்பது எளிதில் முடிவாகாது. எந்திரம் கடலுக்கு இணங்குகிறது. அதைக் கணினி இணக்குகிறது, மனிதர் அங்கே இல்லை. குவார்தினி கேட்ட இணக்கத்தில் பாதி இருக்கிறது, பாதி இல்லை.

இணங்கி வாழ்ந்த மனிதர் கரையில் இருக்கிறார்கள். கடலை முதலில் வணங்கத் தெரிந்தவர்களும் அவர்களே. நெய்தல் நிலத்துக்கு வருணனைத் தெய்வமாக்கியது தொல்காப்பியம். பட்டினப்பாலையின் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டார்கள். இன்று தூத்துக்குடியில் பனிமய மாதாவும் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் தேவாலயமும் பள்ளிவாசலும் கடலுக்குப் போவோரின் வேண்டுதல்களைக் கேட்கின்றன. தெய்வங்கள் மாறினாலும், கடல் தருவது உரிமையாக வருவதில்லை என்ற உணர்வு மாறவில்லை. நங்கூரமிட்ட மிதவைகள் வரிசையாக நின்றால் அந்த இடத்தில் வலை விரிக்க முடியாது. எண்ணெய் கசிந்தால் முதலில் அறிவது மீன்பாடு. அலை தணிந்தாலும் திசை மாறினாலும், ஒரு ஊரின் கரை வளரும்போது பக்கத்து ஊரின் கரை அரிக்கலாம். விழிஞ்ஞத்தில் கட்டப்பட்ட பெரிய துறைமுகத்தால் கரை அரிக்கிறது என்று சொல்லி, 2022 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர்கள் போராடினார்கள். அது அலை மின் நிலையத்தை எதிர்த்த போராட்டமன்று. அரிப்புக்கு யார் காரணம் என்பதிலும் தரப்புகள் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் கடலோரத்தில் எதைக் கட்டினாலும் எழக்கூடிய கேள்வி அங்கே உரக்கக் கேட்டது: அலையின் வேலையை மாற்ற ஒப்புதல் தந்தது யார்?

இந்தியாவின் முதல் அலை மின் நிலையமும் அதே விழிஞ்ஞத்தில்தான் இருந்தது. சென்னை ஐஐடி வடிவமைத்து, 1991இல் மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி நிறுவிய 150 கிலோவாட் நிலையம் அது. எண்ணெய்க்குப் பதில் காற்றைப் பயன்படுத்தியது: கான்கிரீட் அறைக்குள் நீர் ஏறி இறங்க, அறையின் காற்று வெளியே போயும் உள்ளே வந்தும், இரு திசைக்கும் ஒரே பக்கம் சுழலும் வெல்ஸ் சுழலியைச் சுற்றியது. 2022 நவம்பரில் தூத்துக்குடிக்கு 6 கிலோமீட்டர் அப்பால், 20 மீட்டர் ஆழத்தில், ஐஐடி பேராசிரியர் அப்துஸ் சமதுவின் குழு ‘சிந்துஜா-1’ என்ற 100 வாட் மிதவையைச் சோதித்தது. தண்டுக்கும் மிதவைக்கும் இடையிலான ஏற்ற இறக்கமே அதன் அடிப்படை. முழு ஹைட்ராலிக் அமைப்பு வருவது மும்பைக்கு. ஈக்கோ வேவ் பவர் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தோடு பாரத் பெட்ரோலியம் 2025இல் 100 கிலோவாட் மாதிரி நிலையத்துக்கு உடன்பாடு செய்தது. இந்த முறையில் மிதவைகள் மட்டும் நீரில் இருக்கும், அவையும் ஏற்கெனவே நிற்கும் சுவரிலோ துறையிலோ பொருத்தப்பட்டிருக்கும். எண்ணெய்க் கலனும் மோட்டாரும் மின்னாக்கியும் தரையில். புயல் வந்தால் மிதவைகள் நீரைவிட்டு மேலே தூக்கிக்கொள்ளும். கடலடியில் புதிதாக எதையும் ஊன்றாமல், மீனவரின் பாதையை அடைக்காமல் எடுக்கும் வழி என்பதால், இதுவரை வந்தவற்றில் கரைவாழ் மக்களுக்கு மிகக் குறைந்த தொந்தரவு தரக்கூடியது இதுவே.

அளவு இங்கேதான் தீர்ப்பு சொல்கிறது. மீட்டருக்கு 9 கிலோவாட் வரும் கடலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கினாலும், ஒரு கிலோமீட்டர் முகப்பிலிருந்து கிடைப்பது 2 மெகாவாட்டுக்கும் குறைவு. ஆயிரம் மெகாவாட் வேண்டுமென்றால் 550 கிலோமீட்டர் கரையோரம் எந்திரங்கள் நிற்க வேண்டும். அது தமிழ்நாட்டுக் கடற்கரையில் பாதி. பெங்களூரு போன்ற மாநகரத்தின் பசிக்கு அதுவும் போதாது. ஒரு சுவரின் நுனியில் 100 கிலோவாட் எடுப்பது கடல் அறியாத எடுப்பு. பாதிக் கரையில் எடுப்பது மணலையும் மீனையும் மனிதரையும் இடம் மாற்றும் எடுப்பு. எந்திரம் இரண்டிலும் ஒன்றே, எண்ணெயும் வால்வும் ஒன்றே. பெறுதல் பறித்தலாக மாறும் எல்லை எந்திரத்தின் அமைப்புக்குள் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆகவே அலை மின்சாரத்துக்குப் பொருந்தும் இடங்கள் கரையை ஒட்டியே இருக்கின்றன: தீவுகள், மீன்பிடித் துறைகளின் ஐஸ் தொழிற்கூடங்கள், கடல் நடுவே அளவீடு செய்யும் மிதவைகள், நன்னீர் இல்லாத கடலோர ஊர்கள். விழிஞ்ஞம் நிலையமும் தன் இறுதிக் காலத்தில் அந்த வழிக்கே வந்தது. 2004இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அதன் மின்சாரத்தைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் ஏற்பாட்டைச் செய்தது. நிலையம் 2011இல் நிறுத்தப்பட்டது.